பூஜ்யம் கொடுத்தால் கொல்லாது

தார்த்து நகரம், ஜனவரி, இரவுப் பணி.
ஜன்னலுக்குக் கீழே எமயோகி ஆறு
உறைந்து கிடக்கிறது. அடியில் ஓடுகிறதா என்று
மேலிருந்து பார்த்தால் தெரியாது.

மருத்துவமனையின் பழைய வட்டிலிருந்து புதியதற்குப்
பதினோரு வருடத்து எக்ஸ்ரே படங்கள்.
என் ஸ்கிரிப்ட் அவற்றைச் சுமக்கிறது
வாய் திறக்காமல்.
அப்போது நான் எழுதியதெல்லாம் இப்படித்தான்:
என்டரைத் தட்டினால் கருந்திரை,
இமைக்கும் ஒரு கட்டம்,
பிறகு விடியும்வரை மௌனம்.

மூன்றாம் மாடியிலிருந்து நர்ஸ் விர்வெ அழைப்பாள்.
"ஆச்சா?"
ஓடிட்டு இருக்கு.
"எவ்வளவு ஆச்சு?"
தெரியலை.
"அப்போ ஓடுதுன்னு மட்டும் எப்படித் தெரியும்?"
பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்துவிட்டாள்.

அதற்காகத்தான் அந்தச் சுழலி.
நிமிர்ந்த கோடு, சாய்ந்த கோடு,
படுத்த கோடு, மறுபக்கம் சாய்ந்த கோடு.
ஒவ்வொன்றாய் அச்சிட்டு
அடுத்த வரிக்கு இறங்காமல்
அதே வரியின் தலைக்குத் திரும்பி
எழுதியதன் மேலேயே எழுதினால்
நான்கு குச்சிகள் சேர்ந்து ஒரு சக்கரம்.
விர்வெ இறங்கி வந்து பார்த்தாள்,
காப்பியை விசைப்பலகையில் கொட்டாத குறையாக.
"இது போதும், சுத்துதே" என்றாள்.

சுற்றியது.
நான் நாற்காலியிலேயே தூங்கிப்போனேன்.
ஆறரைக்கு டார்மோ வந்து தோளைத் தட்டியபோதும்
சுற்றிக்கொண்டிருந்தது.
நகல் இரண்டு பத்துக்கே செத்திருந்தது,
புதிய வட்டில் இடமில்லாமல்,
யாரோ ஒருவரின் இடுப்பெலும்பில் பாதியில்.
சுழலிக்கு யாரும் சொல்லவில்லை.
அது பின்னணியில் ஓடிய வேறொரு வேலை.
சாவு விழுந்த வீட்டு வாசலில் நின்று
நலம், நலம் என்று
தெருவுக்குக் கையசைத்துக்கொண்டிருந்தது.

டார்மோ திட்டவில்லை. பதிவுக் கோப்பைத் திறந்தான்.
திரைக்கும் கோப்புக்கும் ஒரே நேரத்தில் போகும்படி
நான்தான் எழுதியிருந்தேன்.
திரையில் ஒன்றையொன்று அழித்துக்கொண்ட குச்சிகள்
கோப்பில் ஒன்றுகூட அழியாமல்
பக்கம் பக்கமாக நின்றன.
"வேலி கட்டியிருக்கே" என்றான்.
இரண்டு பத்துக்குப் பிறகு மட்டும் அறுபத்திரண்டாயிரம்.
கணக்கு அவனுடையது.

ஷெல்லில் கில் என்றொரு கட்டளை இருக்கிறது.
பெயருக்கேற்றபடி கொல்லும்.
ஆனால் கூடவே பூஜ்யத்தைக் கொடுத்து அனுப்பினால்
கொல்லாது. தொடவும் தொடாது.
இருக்கிறாயா என்று மட்டும் கேட்டுவிட்டுத்
திரும்பிவிடும்.
இத்தனை மென்மையான ஒன்றை
இந்தப் பெயருக்குள் ஒளித்துவைத்தது யாரோ.

மறுநாள் அதைச் சேர்த்தேன்:
ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் கேள்.
பதில் இல்லையென்றால் நில், மணியடி.
விர்வெக்கு விளக்கலாமென்று மூன்றாம் மாடிக்குப் போனால்
உதட்டில் விரல் வைத்தாள்.
ஏழாம் அறைக் கதவை ஒரு சாண் திறந்து
டார்ச் வெளிச்சத்தைப் படுக்கையில் விடாமல்
சுவரில் விட்டு,
போர்வை ஒருமுறை ஏறி இறங்கும்வரை நின்றாள்.
மூடினாள். எட்டாம் அறை.
விளக்க வந்ததை
நான் விளக்கவில்லை.

இன்னொரு வரியும் இப்போது இருக்கிறது,
எல்லாவற்றுக்கும் மேலே:
எதிரில் இருப்பது திரையா, கோப்பா?
திரையென்றால் சுற்று.
கோப்பென்றால் ஆயிரம் படத்துக்கு ஒரு வரி,
நேரம், எண்ணிக்கை, அவ்வளவுதான்.
பார்க்க ஆளில்லாத இடத்தில் ஆட்டம் எதற்கு.

இன்று மூன்றரைக்குப் போன் அடித்தது.
"எவ்வளவு?"
நாற்பத்தொண்ணு.
கொஞ்ச நேரம் பேச்சில்லை. அவள் பக்கத்தில்
ஏதோ சக்கர வண்டி தள்ளிப் போகிற சத்தம்.
"இருக்கா?"
இருக்கு.